மைன்கிராஃப்டில் நீக்கப்பட்டவற்றை வகை பிரிப்பது எப்படி?

மைன்கிராஃப்ட் வீடியோ கேமின் ஜாவா பதிப்பில் (கணினிக்கானது) 'இருக்கிறதா, போய்விட்டதா' என்று மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் பாதிச் சரக்கு எதிலும் அடங்காது. ஆட்டத்திலிருந்து எடுத்தும் புரோகிராம் கோடில் விட்டுவைத்தவை நிறைய. அதனால் சாதாரணமாக ஆடுபவர் அதை எந்த வழியில் பார்க்க முடியும் என்பதை வைத்தே பிரியுங்கள்.

முதலில் லாஞ்சரில் (ஆட்டத்தைத் தொடங்கும் செயலி) ஸ்னாப்ஷாட்டுகள் எனும் சோதனை வெளியீடுகளும் பழைய வெர்ஷன்களும் தெரியும்படி அமைத்து, ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி ஃபோல்டர் கொடுங்கள். புது வெர்ஷனில் சேமித்த உலகத்தைப் பழையதில் திறந்தால் கெட்டுவிடலாம். பேக்கப் எடுக்காமல் தொடவே வேண்டாம்.

எல்லோர் கண்ணிலும் பட்டுப் பிறகு போனது முதல் வகை. வாளால் அடியைத் தடுப்பது 2016-ல் 1.9 வெர்ஷன் வந்ததும் போய், கேடயம் வந்தது. பழைய வெர்ஷனிலும் புதியதிலும் ஒருமுறை ஆடிப் பார்த்தாலே போதும்.

அடுத்தது கட்டளை போட்டால் மட்டும் வருவது. குழப்பமெல்லாம் இங்கேதான். சீட் (கட்டளைகள்) அனுமதித்த உலகில் சம்மன் கட்டளையால் ஜயன்ட் எனும் ராட்சத ஜாம்பியை வரவழையுங்கள்: 12 பிளாக் உயரம், 50 இதயம், ஆனால் தானாக எதுவும் செய்யாது. பகை உயிரினங்கள் இல்லாத பீஸ்ஃபுல் நிலையில் அது தங்காது. அதைப் பார்த்து 'கோடிலேயே இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். 1.12-ல் சேர்ந்த இல்யூஷனர் என்ற பகை உயிரினமும் கட்டளைக்கு வரும். ஆனால் அது இயல்பாக ஒருபோதும் தோன்றியதில்லை என்பதால் 'நீக்கப்பட்டது' அல்ல, 'பயன்படுத்தாதது'.

பழைய உலகங்களில் மட்டும் மிஞ்சியவற்றுக்குத் தனி வகை வேண்டும். 1.3-க்கு முன் செய்த மரப்பலகை ஸ்லாப் (அரை உயர பிளாக்) பார்வைக்கு மரம், குணத்தில் கல், தீப்பிடிக்காது. இப்போது பெட்ரிஃபைட் ஓக் ஸ்லாப் என்ற பெயரில் இருக்கிறது, கிவ் கட்டளையாலும் கிடைக்கும். ஆக, ஒரே பொருள் இரண்டு வகையிலும் வரலாம். இரண்டையும் குறியுங்கள்.

கோப்பில் மட்டும் இருப்பதைத் தேட, வெர்ஷன் ஃபோல்டரில் உள்ள ஜார் கோப்பை நகலெடுத்து 7-ஜிப்பில் திறந்து டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) பாருங்கள். ஒலிகள் பெரும்பாலும் அதில் இருக்காது. அசெட்ஸ் ஃபோல்டரில் புரியாத பெயர்களில் கிடக்கும், இண்டெக்ஸ் கோப்போடு ஒப்பிட்டால்தான் எது எதுவென்று தெரியும். படம் கிடைத்தது என்பதற்காக அந்தப் பொருள் ஒரு காலத்தில் ஆட்டத்தில் இருந்தது என்று ஆகிவிடாது.

ஸ்னாப்ஷாட்டில் வந்து போனதை அவசரப்பட்டு நீக்கியதில் சேர்க்காதீர்கள். 2021-ல் 1.17 ஸ்னாப்ஷாட்டுகளில் வந்த புதிய உலக உயரம் வெளியீட்டுக்கு முன் எடுக்கப்பட்டு, 1.18-ல் திரும்பியது. அது நீக்கம் அல்ல, தள்ளிப்போனது. 1.7-ல் ரோஜாப் பூ பாப்பிப் பூவானதும் நீக்கம் அல்ல, மாற்றம்.

2021-ல் அறிவித்து 1.19-ல் வராமல் போன மின்மினி உயிரினமும் இந்தப் பட்டியலுக்கு வெளியேதான். ஆட்டக்காரர் கைக்கே வராததை எப்படி நீக்க முடியும்? ஹீரோபிரைன் என்பது ஆட்டக்காரர்கள் கட்டிய பேய்க்கதைப் பாத்திரம்; அப்டேட் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்த 'ஹீரோபிரைன் நீக்கப்பட்டது' என்ற வரி வெறும் கேலி.

ஒவ்வொரு பதிவிலும் கடைசியாகத் தெரிந்த வெர்ஷனையும் பதிப்பையும் எழுதுங்கள். நெதர் ரியாக்டர் என்ற அமைப்பு மொபைலுக்கான பாக்கெட் பதிப்பில் இருந்தது, ஜாவாவில் இருந்ததே இல்லை. ஜாவா பட்டியலில் அதைச் சேர்த்தால் தவறு.