சிங்கிள் பேஸ் லைனில் த்ரீ பேஸ் லேத்: டிரைவ் வாங்கும் முன் மோட்டார் பெட்டியைத் திறங்கள்

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், அதில் பழைய நாலரை அடி லேத், 1 எச்பி த்ரீ பேஸ் மோட்டார். ஆனால் வீட்டுக்கு வருவதோ சிங்கிள் பேஸ். என் நிலைமை இதுதான். 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸாகத் தரும் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) போட்டால் லேத் ஓடும், வேகத்தையும் குமிழைத் திருகியே மாற்றலாம். கெபாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு மட்டும் இது ஆகாது.

நம் ஊரில் கிடைக்கும் சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு (மூன்று சுருள்களின் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிச்சுப் போட்டது). டிரைவ் தருவது 230 தான் என்பதால் மோட்டாரை டெல்டாவுக்கு (மூன்று சுருளையும் வளையமாக இணைப்பது) மாற்றியாக வேண்டும். நான் முதலில் இதை விட்டுவிட்டேன். மோட்டார் அழகாகச் சுற்றியது, ஆனால் 1 மில்லி கட்டிங் கொடுத்ததும் திணறி நின்றது. இரண்டு நாள் டிரைவைத் திட்டிக்கொண்டிருந்தேன், தப்பு என்னுடையது. ஸ்டாரில் 230 கொடுத்தால் இழுவை மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

பெட்டியில் ஆறு முனை இருந்தால் வேலை சுலபம். ஒரே வரிசையில் மூன்றையும் இணைத்திருக்கும் தகட்டைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று தகடு போட்டால் டெல்டா. மூன்று ஒயர் மட்டும் வெளியே வந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். வைண்டிங் கடையில் கொடுத்து அந்த முடிச்சைப் பிரித்து ஆறு ஒயராக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அப்படியே மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்தும் பார்த்துவிடச் சொல்லுங்கள். டிரைவ் இணைந்திருக்கும்போது மெகர் வைத்தால் டிரைவ் போய்விடும், அதனால் அதை முன்னாடியே முடித்துவிடுவது நல்லது.

டிரைவை ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். 1 எச்பிக்கு நான் 1.5 கிலோவாட் போட்டேன். உள்ளே இழுக்கும் கரண்ட் வெளியே போவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும், எம்சிபியையும் (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) ஒயரையும் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லைன் போகும் முனையையும் மோட்டார் போகும் யு, வி, டபிள்யு முனைகளையும் இரண்டு தடவை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் டிரைவ் அந்த நொடியே அவுட். மோட்டார் எர்த்தை டிரைவின் எர்த் முனைக்கே கொண்டுவாருங்கள். வார்ப்பிரும்புத் தூள் கரண்ட் கடத்தும் என்பதால் டிரைவை மூடிய பெட்டிக்குள், மேலும் கீழும் காற்றுக்கு இடம் விட்டு மாட்டுங்கள். ஆஃப் செய்தவுடன் உள்ளே கை வைக்காதீர்கள், கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். பத்து நிமிடம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

லேத்தில் இருக்கும் பழைய ஃபார்வர்ட்-ரிவர்ஸ் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விடவே கூடாது. ஓடும்போது அதைத் திருப்பினால் டிரைவுக்கு ஆபத்து. நடுவில் இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு மோட்டாரை நேராக டிரைவில் கொடுங்கள். ஸ்டார்ட்டுக்கும் ஸ்டாப்புக்கும் அழுத்தி விடும் பட்டன்களை வைத்து, டிரைவின் கன்ட்ரோல் முனைகளில் மூன்று ஒயர் முறையில் இணைப்பதுதான் எனக்குப் பிடித்தது. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது லேத் தானாகச் சுற்ற ஆரம்பிக்காது. ஆட்டோ ரீஸ்டார்ட் செட்டிங்கும் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், நம் ஊர் கரண்டை நம்பி சக்கில் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பகுதி) சாவியை மாட்டி நிற்க முடியுமா?

செட்டிங் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, விஷயம் ஒன்றுதான். வோல்ட் 230, ஃப்ரீக்வென்சி 50, வேகம் நேம் பிளேட்டில் உள்ளபடி. கரண்டில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நேம் பிளேட்டில் ஸ்டாருக்கு 1.8 ஆம்பியர் என்றிருந்தால், டெல்டாவுக்கு அதை 1.73 ஆல் பெருக்கி 3.1 என்று கொடுக்க வேண்டும். 1.8ஐ அப்படியே போட்டால் ஓவர்லோட் என்று அடிக்கடி டிரிப் ஆகும். அப்புறம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆட்டோ டியூனிங் (டிரைவ் தானே மோட்டாரை அளந்துகொள்வது) ஓட்டி, வெக்டர் மோடு இருந்தால் அதைப் போடுங்கள், குறைந்த வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும்.

வேகத்துக்கு மேல் அளவு 60 ஹெர்ட்ஸ் போதும். 50க்கு மேலே இழுவை குறையும், அதோடு பழைய சக் எவ்வளவு வேகம் தாங்கும் என்றும் யோசிக்க வேண்டும். 20க்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டாரின் ஃபேனும் மெதுவாகச் சுற்றி உடம்பு கொதிக்கும், அதனால் கனமான கட்டிங்குக்கு பெல்ட்டையோ பேக் கியரையோ (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) மாற்றுங்கள், குமிழைத் திருகாதீர்கள். மோட்டார் கீச்சென்று கத்தினால் கேரியர் ஃப்ரீக்வென்சியை (டிரைவ் உள்ளே சுவிட்ச் ஆகும் வேகம்) கொஞ்சம் ஏற்றலாம், ஆனால் டிரைவ் சூடாகும்.

வேகம் ஏற 3 வினாடி, நிற்க 5 வினாடி என்று ஆரம்பியுங்கள். நிற்கும்போது ஓவர் வோல்டேஜ் டிரிப் வந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் பிரேக் ரெசிஸ்டர் (மோட்டார் நிற்கும்போது டிரைவுக்குத் திரும்பும் சக்தியைச் சூடாக எரித்துவிடுவது) வாங்குங்கள். மரை போட்டு மாட்டும் சக் உள்ள லேத்தாக இருந்தால் சட்டென நிறுத்தவும் ரிவர்ஸில் ஓட்டவும் ஆசைப்படாதீர்கள், சக் தானே கழன்று மடியில் வந்து விழும்.