ராத்திரி எல்லாரும் கூடி டெலஸ்கோப்ல வானத்த பார்க்கிற ஸ்டார்கேஸிங் நைட்டுக்கு முதல் தடவையா போறீங்களா?

டெலஸ்கோப் வாங்கிட்டுத்தான் போகணும்னு ஒண்ணும் இல்ல, வெறுங்கையோட போங்க, அங்க வர்ற, பொழுதுபோக்கா வானம் பார்க்கிற அமெச்சூர் ஆளுங்க தங்களோடத மத்தவங்களுக்கு காட்டறதுக்குன்னே வர்றாங்க. இருட்டறதுக்கு முன்னாடியே போயிடுங்க, லேட்டா ஹெட்லைட் போட்டுக்கிட்டு உள்ள வர்ற கார யாருக்கும் பிடிக்காது. கண்ணு இருட்டுக்கு நல்லா பழக 20, 30 நிமிஷம் ஆகும், நடுவுல ஒரு தடவ போன் ஸ்கிரீன பார்த்தா போச்சு, மறுபடி முதல்லேர்ந்து. டார்ச் வேணும்னா சிவப்பு லைட்தான்.

முழு நிலா அன்னைக்கு மங்கலான எதுவும் சரியா தெரியாது. நிலாவையே பார்க்கணும்னாலும் அரை நிலாதான் பெஸ்ட், வெளிச்சமும் நிழலும் சேர்ற கோட்டுல பள்ளமெல்லாம் செதுக்கி வச்ச மாதிரி இருக்கும்.

உங்க டர்ன் வந்ததும் டெலஸ்கோப் டியூப பிடிச்சுக்காதீங்க, கைய பின்னாடி கட்டிக்கிட்டு குனிஞ்சு ஐபீஸ்கிட்ட (கண்ண வச்சு பார்க்கிற லென்ஸ்) கண்ண கொண்டு போங்க. ஒண்ணும் தெரியலன்னா கூச்சப்படாம சொல்லிடுங்க, பூமி சுத்துறதால மோட்டார் இல்லாத டெலஸ்கோப்ல கொஞ்ச நேரத்துலயே எல்லாம் நகர்ந்து போயிடும், அவங்க திருப்பி வச்சுக் குடுப்பாங்க. ("ஆமா ஆமா தெரியுது"ன்னு சும்மா தலையாட்டறவங்கதான் ஜாஸ்தி.)

போட்டோல வர்ற கலர எதிர்பார்க்காதீங்க. ஆன்ட்ரோமெடா கேலக்ஸி வெறும் சாம்பல் திட்டுதான், நேரா பார்க்காம கொஞ்சம் ஓரமா பார்த்தா இன்னும் நல்லா தெரியும், அந்த ஒளி கிளம்பி சுமார் 25 லட்சம் வருஷம் ஆச்சு. ஸ்வெட்டர் எடுத்துக்கங்க, சும்மா நிக்கறப்போ நினைச்சத விட குளிரும். மேகம் வந்தா கேன்சல் ஆகும், கிளம்பறதுக்கு முன்னாடி செக் பண்ணிக்கங்க.