வெயிலும் கிணற்றுத் தண்ணீரும்: வீட்டு முற்றத்தில் கொஞ்சம் மின்சாரம்

திருகோணமலையில் பங்குனி முதல் ஆவணி வரை வெயிலுக்குப் பஞ்சமில்லை. வெயில் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் இந்தச் செய்முறைக்குப் பஞ்சம் குளிர்ச்சிதான். என் முதல் முயற்சி அதனால்தான் படுத்துவிட்டது.

இரு வேறு கடத்திகளை இணைத்து ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்தால் மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் சீபெக் கண்ட விளைவு இது. வெறும் சூடு போதாது, சூட்டு வித்தியாசம் வேண்டும். இந்த விளைவால் மின்சாரம் தரும் தகட்டை முழுதாகக் கன்னியா வெந்நீர் ஊற்றில் அமிழ்த்தினாலும் ஒன்றும் வராது. இரு பக்கமும் ஒரே சூடு.

வாங்க வேண்டியவை: 12706 என்ற பெல்டியர் தகடு (மேலே சொன்ன தகடு இதுதான்: 4 செ.மீ. சதுரம், உள்ளே 127 சோடி பிஸ்மத் டெலுரைட் துண்டுகள்), ஏ4 அளவு ஃபிரெனல் வில்லை (வெயிலைக் குவிக்கும் தட்டையான வில்லை), மல்டிமீற்றர், வெப்பப் பசை, விளையாட்டுப் பொருட்களில் வரும் சின்ன சோலார் மோட்டர். பழைய கம்பியூட்டரிலிருந்து ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் இறகுகள் உள்ள உலோகத் துண்டு) ஒன்றைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் தகட்டின் ஒரு முகத்தில் பசையை மெல்லியதாகத் தடவி ஹீட் சிங்க் மேல் அழுத்துங்கள். மறு முகத்தில், அதே அளவில் வெட்டிய அலுமினியத் துண்டைப் பசையோடு வையுங்கள். அதன் மேற்புறம் கறுப்பாக இருக்க வேண்டும். மினுங்கினால் வெயில் தெறித்துப் போய்விடும். விளக்குப் புகையில் கரி பிடித்தாலும் போதும், ஆனால் ஒட்டுமுன் பிடியுங்கள்.

அடுத்து, ஹீட் சிங்கின் இறகுகள் மட்டும் நனையும்படி தட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் விட்டு அதை இருத்துங்கள். வயர்கள் நனையக் கூடாது.

இனி வில்லை. கூர்மையான புள்ளியாகக் குவிக்காதீர்கள்! இந்த வகைத் தகட்டில் துண்டுகளை ஒட்டியிருக்கும் பற்றாசு ஏறக்குறைய 138 பாகை செல்சியசில் உருகும். ஒளி அலுமினியத் துண்டு முழுவதும் பரவுமாறு வில்லையைக் கிட்டக் கொண்டுவாருங்கள். அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, வெல்டிங் கண்ணாடி போடுங்கள். வேலை முடிந்ததும் வில்லையைத் துணியால் மூடுங்கள். திறந்து கிடந்தால் ஓலையே பற்றும். கச்சான் காற்றுக் காலத்தில் வில்லையைத் தாங்கும் சட்டத்தை இறுக்கிக் கட்டாவிட்டால் சாய்ந்துவிடும்.

வித்தியாசம் 40 பாகை என்றால் மீற்றர் ஏறக்குறைய 2 வோல்ட் காட்டும். மோட்டரை இணைத்ததும் அது இறங்கும், பயப்பட வேண்டாம். விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது.

சரி, கொஞ்ச நேரத்தில் வெயில் அப்படியே இருக்க மோட்டர் தளர்கிறதா? தட்டத்துத் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அதை ஊற்றிவிட்டுப் புதிதாக ஒரு வாளி இறைத்து விடுங்கள். மோட்டர் மறுபடி வேகம் பிடிப்பதை நின்று பார்க்கலாம்.