வரிசை வீட்டை நிகர சுழிய வீடாக்குதல்: கிள்ளான் பள்ளத்தாக்கு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நல்ல வெயில் அடித்த ஒரு நாளின் இரவு ஒன்பது மணிக்கு, மாடிப் படுக்கையறையில் ஒரு முக்காலியின் மேல் ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகியும் அது சூடாக இருந்தால், உங்கள் மின்கட்டணத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். பகல் முழுவதும் சிமெண்டு ஓடும் செங்கல் சுவரும் குடித்து வைத்த வெப்பத்தை இரவு முழுவதும் அறைக்குள் இறக்குகின்றன. அந்த வெப்பத்தை வெளியேற்றவே ஏர்கோன் விடியும்வரை ஓடுகிறது.

வீட்டை நிகர சுழியமாக்க விரும்பும் பலர், சோலார் தகடுகளுக்கு விலைப்புள்ளி வாங்குவதையே முதல் வேலையாகச் செய்கிறார்கள். தகடு கடைசியில் வரவேண்டியது என்பது என் உறுதியான கருத்து. நிகர சுழியம் என்றால், ஓர் ஆண்டில் வீடு பயன்படுத்தும் ஆற்றலையும் அதே வீடு தூய வழியில் உற்பத்தி செய்யும் ஆற்றலையும் கூட்டிக் கழித்தால் மிச்சம் எதுவும் இல்லாதிருத்தல். நம் ஊரில் சூரியன் பகலில் தருகிறது. நம் குடும்பங்களோ, எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய் வருவதால், மின்சாரத்தை இரவில் செலவழிக்கின்றன. இந்த இடைவெளியைச் சுருக்காமல் தகடுகளை மட்டும் அடுக்கினால் செலவு கூடுமே தவிர, கணக்கு நேராகாது.

முதலில் அளந்து பாருங்கள்

கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து, மாதவாரியாக யூனிட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒரு வாரத்துக்கு, படுக்கப் போகும்போதும் காலையில் எழுந்தவுடனும் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். இரவுக்கு எத்தனை யூனிட், பகலுக்கு எத்தனை யூனிட் என்ற இந்தப் பிரிவினை இல்லாமல் எந்தக் காண்டிராக்டர் சொல்லும் கணக்கையும் நீங்கள் சரிபார்க்க முடியாது.

எடுத்துக்காட்டாக, இரண்டு படுக்கையறைகளில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் தலா 8 மணி நேரம் ஓடி, மணிக்குச் சராசரியாக 0.6 யூனிட் இழுத்தால், ஓர் இரவுக்கு 9.6 யூனிட், மாதத்துக்கு ஏறத்தாழ 290 யூனிட் ஆகிறது. மாதம் 600 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் இது கிட்டத்தட்டப் பாதி. விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றுவது நல்லதுதான். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் அந்தப் பாதி அப்படியே இருக்கும்.

கூரையின் வெப்பத்தைத் தடுத்தல்

வரிசை வீட்டுக்கு இருபுறமும் பக்கத்து வீடுகள் இருப்பதால், பக்கச் சுவர்கள் வெயிலைப் பார்ப்பதில்லை. வெப்பம் நுழையும் பெரிய வாசல் கூரைதான். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் இருக்கும் கோலாலம்பூரில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தலைக்கு அருகிலேயே நிற்கிறது என்பதால், கூரை எந்தத் திசையைப் பார்த்தாலும் தப்பிக்க முடியாது.

சீலிங்கில் உள்ள திறப்பைத் திறந்து, கைவிளக்கோடு மேலே எட்டிப் பாருங்கள். ஓடுகளுக்கு அடியில் அலுமினியப் படலம் இருக்கிறதா, இருந்தால் கிழிந்து தொங்குகிறதா, அதன் பளபளப்பான பக்கம் காற்றிடைவெளியைப் பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள். படலம் வெப்பக் கதிரைத் தடுப்பதற்கு அந்த இடைவெளி தேவை. வேறொரு பொருளோடு ஒட்டிக் கிடந்தால் அது தன் வேலையைச் செய்யாது. அடுத்து, சீலிங்கின் மேல் கண்ணாடி நார்ப் போர்வையோ ராக்வூல் என்னும் பாறை நார்ப் போர்வையோ விரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் அங்கே தூசியைத் தவிர வேறொன்றும் இருக்காது.

இரண்டும் இல்லாத வீட்டில், 75 முதல் 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள போர்வையைச் சீலிங் முழுவதும் இடைவெளியின்றி விரிப்பதே நான் முதலில் செய்யச் சொல்லும் செலவு. ஓரிரண்டு நாளில் முடிந்துவிடும் வேலை. ஓட்டைக் கழற்ற வேண்டியதில்லை. கூரைக்குள் இருக்கும்வரை பராமரிப்பும் கேட்பதில்லை. ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு. சீலிங்கில் பதித்த விளக்குகளை நாரால் மூடினால் அவை சூடேறிக் கெடும், தீ ஆபத்தும் உண்டு. ஆகவே அவற்றைச் சுற்றி இடம் விடவேண்டும். போர்வைக்குள் புதையும் மின்கம்பிகளும் வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் தவிக்கும் என்பதால், அவற்றை மேலே தூக்கிக் கட்டுவது நல்லது. மிகப் பழைய வீடுகளின் சீலிங் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அத்தகைய தகட்டைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது. வேலையாள்களுக்கு முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

சன்னல்களைப் பொறுத்தவரை, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தவேண்டும். உள்ளே வந்த பிறகு திரைச்சீலை போட்டுப் பயனில்லை. புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையம் இயங்கும் வைரக் கட்டடம் 2010-இல் கட்டி முடிக்கப்பட்டபோது, சுவர்கள் மேலே போகப் போக வெளிப்புறம் சாயும்படி தலைகீழ்ப் பிரமிடாக வடிவமைக்கப்பட்டது இதற்காகத்தான்: ஒவ்வொரு மாடியும் தன் கீழ்மாடிக்கு நிழல் தருகிறது. மேற்குப் பார்த்த சன்னலுக்கு மேல் ஒரு மறைப்புக் கூரையோ, அதன் முன்னே கொடி படர்ந்த கம்பிப் பந்தலோ அதே வேலையைச் சிறிய அளவில் செய்யும்.

ஏர்கோனும் வெந்நீரும்

கூரை வெப்பம் அடங்கிய பிறகு, முன்பு ஒன்றரை குதிரைத்திறன் தேவைப்பட்ட அறைக்கு ஒரு குதிரைத்திறனே போதுமானதாக இருக்கலாம். அதனால்தான் ஏர்கோனை மாற்றும் வேலையைக் கூரைக்குப் பிறகு வைக்கிறேன். வாங்கும்போது ஐந்து நட்சத்திரம் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், ஆற்றல் முத்திரையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; ஐந்து நட்சத்திரக் கருவிகள் இரண்டுக்கு நடுவேகூட வேறுபாடு இருக்கும். இன்வெர்ட்டர் வகை இரவு முழுவதும் மெதுவாக ஓடும் பயன்பாட்டுக்கு மிகவும் ஏற்றது. மின்விசிறியைச் சேர்த்து ஓடவிட்டு வெப்பநிலையை 26 பாகையில் வைத்தால், பெரும்பாலோருக்கு உறக்கம் கெடாது.

பழைய ஏர்கோனைக் கழற்றும்போது அதன் குளிர்வாயுவைக் காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ, கரியமில வாயு 2,000 கிலோவுக்கு மேல் வெளியிட்டதற்குச் சமமான வெப்பத் தாக்கம் கொண்டது. இன்று விற்பனையில் உள்ள ஆர்-32 வாயுவின் தாக்கம் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. வாயுவை உருளையில் மீட்டெடுக்கும் கருவி வைத்திருக்கும் ஆளைத்தான் வேலைக்கு அழைக்கவேண்டும்.

குளியலறை வெந்நீர்க் கருவி 3.6 கிலோவாட் இழுக்கிறது. நான்கு பேர் தலா பத்து நிமிடம் குளித்தால் நாளுக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். நீரின் சூட்டைக் குறைத்துக்கொள்வதே எளிய வழி. பெரிய குடும்பமாக இருந்தால், சுற்றுக் காற்றின் வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வகைக் கொதிகலன் அதே வெந்நீரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் தரும். அதை நண்பகலில் ஓடவிட்டு, சேமித்த வெந்நீரை இரவில் பயன்படுத்தலாம்.

சமையல் எரிவாயு

இதில் பலர் தவறான கணக்குப் போடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 14 கிலோ எரிவாயு உருளை ஒன்று எரிந்து தீரும்போது ஏறத்தாழ 42 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதே சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய 80 யூனிட்டுக்குச் சற்று மேல் தேவைப்படும். நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் பெரிதும் நம்பியிருக்கும் தீபகற்ப மலேசிய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாவதால், அந்த மின்சாரத்தைக் கட்டமைப்பிலிருந்து எடுத்தால் 60 கிலோவைத் தாண்டிவிடும். அதாவது சொந்தச் சூரிய மின்சாரம் வருவதற்கு முன் அடுப்பை மாற்றினால், வெளியேற்றம் குறையாமல் கூடுகிறது. தகடுகள் வந்த பிறகு, மதியச் சமையலை இண்டக்‌ஷனுக்கு மாற்றுவதே சரியான வரிசை.

நம் சமையலறைக்கு இது ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு: அடிப்புறத்தில் காந்தம் ஒட்டிக்கொள்ளும் பாத்திரம் எதுவும் வேலை செய்யும். இரும்புத் தோசைக்கல் மிக நன்றாகச் சூடேறும். ஆனால் அடி தட்டையாக இருக்கவேண்டும். பித்தளைப் பானை, மண்சட்டி, சாதாரண அலுமினியக் குக்கர் ஆகியவை ஆகாது. இரட்டை அடுப்பாகப் பதிப்பதானால், சாதாரண 13 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகாமல் தனி மின்சுற்று இழுக்கச் சொல்லுங்கள்.

தகடுகள்

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். கோலாலம்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 600 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு ஆறு கிலோவாட் தேவை. அதையே 400-க்குக் குறைத்துவிட்டால் நான்கு போதும். இந்த வேறுபாடு காசோடு நிற்பதில்லை. வீட்டுக் கூரைத் தகடுகளுக்காக 2026 ஜனவரியில் தொடங்கிய சோலார் அத்தாப் என்னும் அரசுத் திட்டத்தில் சிங்கிள் ஃபேஸ் (ஒருமுனை மின்இணைப்பு) வீட்டுக்கு 5 கிலோவாட்டும், த்ரீ ஃபேஸ் (மும்முனை) வீட்டுக்கு 15 கிலோவாட்டும்தான் உச்சவரம்பு. வரிசை வீடுகள் பலவும் சிங்கிள் ஃபேஸ் என்பதால், முதலில் சிக்கனம் செய்தவரே அந்த வரம்புக்குள் நிகர சுழியத்தை எட்ட முடியும்.

மற்றொரு முக்கியமான செய்தி, மிச்ச மின்சாரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு. 2025 ஜூன் 30-இல் முடிந்த பழைய நெம் (NEM) திட்டத்தில், கட்டமைப்புக்குக் கொடுத்த ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிக்கப்பட்டது. புதிய திட்டத்தில் ஆற்றல் கட்டணம் மட்டுமே கழிக்கப்படுகிறது. பயன்படாத மிச்சம் மாதம் மாதமாகத் தொடர்ந்து சேருவதும் இல்லை. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு ஆற்றல் கட்டணம் யூனிட்டுக்கு 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், வலையமைப்புக் கட்டணம் 12.85 சென். பகலில் நீங்களே பயன்படுத்தும் யூனிட், இந்த மூன்றையும் தவிர்க்கிறது. ஆகவே சலவை இயந்திரம், நீரேற்றி, ஹீட் பம்ப், மதியச் சமையல், மின்கார் இருந்தால் வார இறுதிச் சார்ஜ் ஆகியவற்றைக் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குள் கொண்டுவரப் பழகவேண்டும்.

கூரையைப் பற்றிச் சில சொற்கள். நான்கு கிலோவாட்டுக்கு இருபது சதுர மீட்டர் அளவு போதும். 20 அடி அகல வீட்டின் ஒரு சரிவிலேயே அது அடங்கிவிடும். நம் ஊரில் காலை தெளிந்தும் பிற்பகல் மழைமேகம் சூழ்ந்தும் இருக்கும் நாள்கள் அதிகம் என்பதால், இரண்டு சரிவும் சமமாக இருந்தால் கிழக்கைத் தேர்ந்தெடுப்பேன். அண்டை வீட்டின் உயர்த்திக் கட்டிய பகுதியும் தண்ணீர்த் தொட்டியும் எந்நேரத்தில் நிழல் விழச் செய்கின்றன என்பதை ஒரு நாள் முழுவதும் படமெடுத்து வையுங்கள். ஒழுகும் ஓடு, உளுத்த மரச்சட்டம் இருந்தால் தகடு ஏறுவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். ஏறிய பிறகு கழற்றி மாட்டுவது வீண்செலவு. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமின்னல் அதிகம் உள்ள பகுதிகளில் ஒன்று. ஆகவே மின்னெழுச்சிக் காப்பானும் (சர்ஜ் புரொடெக்டர்) முறையான நிலத்தொடர்பும் விலைப்புள்ளியில் தனி வரியாக எழுதப்பட்டிருக்கவேண்டும். தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை மேற்கு வெயில் படும் சுவரில் மாட்ட விடாதீர்கள். மின்தடை ஏற்பட்டால், பேட்டரி இல்லாத அமைப்பு பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

செடா மலேசியா என்னும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனமா என்று சரிபார்த்து, குறைந்தது மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்குங்கள். எதிர்பார்க்கும் ஆண்டு உற்பத்தியை எழுத்தில் தர மறுக்கும் நிறுவனத்தை ஒதுக்கிவிடுங்கள். வேலை முடிந்தவுடன் வீட்டுத் தீக்காப்புறுதி நிறுவனத்துக்கும் தகவல் கொடுங்கள்.

அடுக்குமாடிவாசிகளுக்குக் கூரை சொந்தமில்லை, அது பொதுச்சொத்து. ஆயினும் மின்தூக்கி, நீரேற்றி, நடைபாதை விளக்கு ஆகியவற்றுக்காகப் பொதுக்கூரையில் தகடு பொருத்தும் தீர்மானத்தை, நிர்வாகக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கொண்டுவரலாம். வீட்டுக்குள் நிழல், ஏர்கோன், வெந்நீர் பற்றிச் சொன்ன அனைத்தும் அப்படியே பொருந்தும். மீதிக்கு, தெனாகா நேஷனலின் பசுமை மின்கட்டணத் திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

ஆண்டுக் கணக்கு

தகடு பொருத்திய நாளிலிருந்து 12 மாத ரசீதுகளைச் சேருங்கள். கட்டமைப்பிலிருந்து எடுத்த யூனிட்டுகளிலிருந்து, கொடுத்த யூனிட்டுகளைக் கழியுங்கள். வாங்கிய எரிவாயு உருளை ஒவ்வொன்றுக்கும் 56 யூனிட் கூட்டுங்கள்; அதன் 42 கிலோ கரியமில வாயுவை, யூனிட்டுக்கு முக்கால் கிலோ என்ற கணக்கில் மாற்றினால் வரும் எண் அது. வாகனத்தையும் சேர்த்து எண்ணுவோர், அதே முறையில் பெட்ரோல் லிட்டருக்கு மூன்று யூனிட் கூட்டலாம். விடை சுழியமோ அதற்குக் கீழோ இருந்தால் வீடு இலக்கை எட்டிவிட்டது. நூறு, இருநூறு யூனிட் மிச்சமிருந்தால் உடனே தகடு கூட்ட நினைக்காமல், மறுபடியும் ஒரு வாரம் இரவு மீட்டரைக் குறித்துப் பாருங்கள். பழைய குளிர்பெட்டியோ, அழுக்கடைந்த ஏர்கோன் வடிகட்டியோ அந்த அளவை விழுங்கிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. உற்பத்தி குறைந்திருந்தால் தகட்டின் மேல் பறவை எச்சம் படிந்திருக்கிறதா, புதிதாக வளர்ந்த மரக்கிளை நிழல் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இன்வெர்ட்டரின் பிழைப்பதிவை எடுத்துத் தரும்படி பொருத்திய நிறுவனத்தை அழையுங்கள்.