பழைய ஹாலிவுட் குணச்சித்திர நடிகரின் படப்பட்டியலைப் பினாங்கிலிருந்தே தொகுப்பது எப்படி

மௌனப்பட காலத்தில் தொடங்கிய நடிகர் ஒருவரைத் தேடும்போது, திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பக் கூடாது. வால்டர் பிரென்னன் 1920களில் கூட்டத்தில் ஒருவராகத் தோன்றிய படங்கள் பலவற்றில் அவருடைய பெயரே இல்லை. அவர்தான் பின்னர் 1936, 1938, 1940 ஆகிய ஆண்டுகளின் படங்களுக்காகத் துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதை மூன்று முறை வென்றார். அந்தப் பிரிவே 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் விருதுச் சான்றைத் தேடுவது வீண்வேலை.

முதலில், மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி என்ற இணையக் காப்பகம் இலவசமாகத் தரும் அக்காலச் சினிமா இதழ்களில், நடிகரின் பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும். அடுத்து, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்வடிவ நாளிதழ்களில் திரையரங்கு விளம்பரங்களைப் பார்த்தால், ஒரு படம் மலாயாவுக்கு எப்போது வந்தது என்பதையும் கணிக்கலாம். நமக்குச் சுவையான பகுதி இதுவே.

முகத்தை வைத்து அடையாளம் காண்போர் வயதை நம்பி ஏமாறக் கூடாது. விபத்தில் பெரும்பாலான பற்களை இழந்த பிரென்னன், நாற்பதுகளிலேயே கிழவர் வேடங்களுக்குப் பெயர்பெற்றார். ஐயமுள்ள படங்களைத் தனிப்பட்டியலில் வைப்பதே நேர்மை.