பள்ளியில் தனியாக மருத்துவ ஆய்வுத் திட்டம் செய்வது எப்படி: நான் இடறிய இடத்தையும் சேர்த்து

பள்ளியின் கடைசி ஆண்டில் மருத்துவம் சார்ந்த ஒரு ஆய்வுத் திட்டத்தைத் தனியாகச் செய்தேன். கையில் இருந்தது 12 வாரம். அதில் முதல் 5 வாரத்தில் செய்த வேலை எதுவும் கடைசி அறிக்கையில் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. எங்கே தவறினேன் என்பது இப்போது தெளிவாகத் தெரிவதால் இதை எழுதுகிறேன். அறிக்கையின் அமைப்பு, பக்க அளவு போன்றவற்றை உங்கள் ஆசிரியரே சொல்லிவிடுவார். அவற்றுக்குள் நான் போகவில்லை.

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

நீரிழிவு, புற்றுநோய், மனச்சோர்வு எல்லாம் தலைப்புகள்தான். ஆய்வு செய்ய ஒரு கேள்வி வேண்டும். மருத்துவ ஆய்வாளர்கள் இதற்கு 'பிகோ' என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். யாரிடம் பார்க்கிறோம், எதைப் பார்க்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம் என்று நான்கு கட்டங்கள். 'தூக்கமும் மாணவர்களும்' என்ற தலைப்பை இதில் போட்டால் இப்படி வரும்: 'படுக்கையில் போன் பார்க்கும் 11ஆம் வகுப்பு மாணவர்கள், பார்க்காதவர்களைவிடக் குறைந்த நேரம் தூங்குகிறார்களா?'

கேள்வி சின்னதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள். 12 பேர், 6 சிகிச்சை, ஒரே ஒரு கேள்வி. மருத்துவ வரலாற்றில் இன்றும் அதைப் பேசுகிறோம்.

கேள்வி தயாரா என்று பார்க்க நான் செய்யும் சோதனை இது: முடிவுகள் வரப்போகும் அட்டவணையை எண்கள் இல்லாமல் காலியாக வரைந்து பாருங்கள். நெடுவரிசைக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாவிட்டால் கேள்வியை இன்னும் குறுக்க வேண்டும்.

படி 2: படியுங்கள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் தொடங்குங்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, இலவசம். கூகுள் ஸ்காலரும் நல்லதுதான், ஆனால் தரமானது, தரமில்லாதது எல்லாம் அதில் கலந்து வரும். புதிதாகத் தொடங்குபவருக்குப் பிரித்தறிவது கடினம். பப்மெட்டில் இடப்பக்கம் இருக்கும் வடிகட்டியில் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே கேள்வி குறித்து வந்த ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்து எடைபோட்டுச் சொல்லும் கட்டுரைகள் அவை. அப்படி இரண்டு படித்தால் துறையின் நிலவரம் பிடிபட்டுவிடும். முழுக் கட்டுரை பூட்டியிருந்தால், முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எனக்கு ஒருவர் மறுநாளே அனுப்பி வைத்தார்.

படித்ததைச் சேர்த்து வைக்க ஸோடெரோ என்ற மென்பொருள். வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இலவசம் என்பதோடு, நீங்கள் சேர்த்த கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டிருந்தால், அதாவது இனி நம்ப வேண்டாம் என்று இதழே அறிவித்திருந்தால், எச்சரிக்கவும் செய்யும். மருத்துவத் தலைப்பில் இது முக்கியம். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் அதை 2010இல்தான் திரும்பப் பெற்றது. இடையில் 12 ஆண்டுகள்!

ஏஐ அரட்டைக் கருவியிடம் கட்டுரைப் பட்டியல் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் நம்பும்படியாகத் தலைப்பும் ஆண்டும் கொடுத்துவிடும். புரியாத சொல்லுக்கு விளக்கம் கேட்கலாம், அதையும் மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 3: மனிதர்களிடம் கேட்கப் போகிறீர்களா? நில்லுங்கள்

நான் இடறியது இங்கேதான்.

என் முதல் கேள்வி தேர்வுக் காலத்து மனச்சோர்வு பற்றியது. மருத்துவர்களே பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளை எடுத்துக்கொண்டேன். ஒன்பதே கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 27 வரை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இணையப் படிவமாக்கி, பெயர் கேட்காமல், வகுப்பில் எல்லோருக்கும் அனுப்பத் தயாராக வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முந்தின நாள் வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டினேன். அவர் ஒன்பதாவது கேள்வியைத் தொட்டுக் காட்டி, "இதற்கு ஒருத்தர் 'ஆமா'ன்னு போட்டா நீ என்ன செய்வே?" என்று கேட்டார்.

இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ கடந்த இரண்டு வாரத்தில் வந்ததா என்பது அந்தக் கேள்வி. நான் பெயர் கேட்கவில்லை. அப்படியானால் உதவி தேவைப்படும் ஒருவர் என்னிடம் சொல்லியும் அவர் யார் என்று எனக்குத் தெரியாது. பெயர் கேட்டிருந்தால், சக மாணவரின் அந்தரங்கம் என் மடிக்கணினியில் இருக்கும். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு படிவத்தை அழித்தேன். அந்தக் கேள்வியை அவர் கேட்டதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் ஏற்றுக்கொண்ட பிரகடனத்தின் இன்றைய வடிவம், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளித் திட்டம்தானே என்று விட்டுவிடக் கூடாது. உங்கள் பள்ளியில் யார் அனுமதி தர வேண்டும் என்று முதல் வாரமே கேளுங்கள். தரவு எடுத்த பிறகு வாங்கும் அனுமதிக்கு மதிப்பில்லை. பதில் சொல்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், அவருடைய சம்மதமும் வேண்டும். எந்தக் கேள்வியையும் தாண்டிப் போகலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் தூக்கத்துக்கு மாறினேன். கேள்விகளை நானே எழுதவில்லை. 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீட்டை எடுத்துக்கொண்டேன். கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டு, 0 முதல் 21 வரை மதிப்பெண் தரும். 5ஐத் தாண்டினால் தூக்கத்தின் தரம் குறைவு என்று பொருள். ஏற்கெனவே சோதிக்கப்பட்ட கேள்வித்தாள் என்பதால் உங்கள் எண்களை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியும். பயன்பாட்டு நிபந்தனைகளை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். மொழிபெயர்த்துக் கொடுக்க நினைத்தால் சோதிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு சொல் மாறினாலும் மதிப்பெண்ணின் பொருள் மாறிவிடும்.

படி 4: கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எழுத 3 வாரம், கணக்கிட 1 வாரம், தரவு எடுக்க 2 வாரம், அனுமதிக்கு 3 வாரம், மீதி படிக்க. அனுமதிக்கு ஒதுக்கியதைக் குறைக்காதீர்கள். காத்திருக்கும் நாட்களில் படிப்பது தொடரட்டும். கணக்குக்குச் சாதாரண எக்செல் போதும். சராசரியோடு நிறுத்தாமல் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் புள்ளியாக வரைந்து காட்டுங்கள். 30 பேர் இருக்கும் தரவில் சராசரி மறைப்பதைப் புள்ளிகள் காட்டிவிடும்.

பின்னர் சேர்த்தது 1: ஒன்பதாவது கேள்வியை எடுத்துவிட்டால் போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அப்படி எடுத்த பிஎச்க்யூ-8 என்ற வடிவம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனாலும் மிக அதிக மதிப்பெண் வாங்கும் ஒருவர் இருப்பார், அவருக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும். பள்ளி ஆலோசகர் உங்களோடு சேர்ந்து பொறுப்பேற்காமல் இந்தத் தலைப்பைத் தொடாதீர்கள். வெளியான ஆய்வுகளை மட்டும் படித்து எழுதுங்கள், அதுவும் முழுமையான ஆய்வுதான்.

பின்னர் சேர்த்தது 2: போன் திரையைப் பஞ்சால் துடைத்து, வீட்டிலேயே பாக்டீரியா வளர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. என்ன வளர்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. 37 டிகிரியில் வைத்தால் மனித உடலில் வாழும் கிருமிகளுக்கே வசதி செய்து கொடுத்ததாகும். பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், வளர்ந்த தட்டைத் திறக்காமல் வெளியிலிருந்து பார்த்து எண்ணுங்கள். அழிப்பதையும் ஆய்வகமே செய்யட்டும்.

பின்னர் சேர்த்தது 3: 'போன் பார்ப்பதால் தூக்கம் குறைகிறது என்று நிரூபித்துவிட்டேன்' என்று ஒரு மாணவி வரைவு அனுப்பியிருந்தார். உழைப்பு தெரிந்தது, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். தூக்கம் வராததால் போனை எடுப்பவர்களும் உண்டு, ஒரே நாளில் நிரப்பிய கேள்வித்தாளால் எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. 'இரண்டும் சேர்ந்து காணப்பட்டன' என்று திருத்தி, ஏன் அதற்கு மேல் சொல்ல முடியாது என்று அரைப் பக்கம் எழுதினார். தேர்வாளர் அவரிடம் அதிக நேரம் பேசியது அந்த அரைப் பக்கத்தைப் பற்றித்தானாம்.