குக்கரில் கேவுரு (கேழ்வரகு) நெய் பிஸ்கட்: பிள்ளைகள் கையால்

ஓவன் வேண்டாம், அடி கனமான பழைய குக்கர் போதும். அடுப்புப் பக்கம் பெரியவர்கள்; மற்ற வேலையெல்லாம் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு.

வேண்டியவை: மைதா 100 கிராம், கேவுரு மாவு 50 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், நெய் 90 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஏலக்காய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு.

1. தராசைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். முதலில் ஒரு டம்ளரில் மைதாவைத் தளர்வாகப் போட்டு, தலைதட்டி எடை பார்க்கட்டும். அதே டம்ளரில் அமுக்கி நிரப்பி மறுபடி பார்க்கட்டும். டம்ளர் ஒன்றுதான், எடை கூடிவிடும். கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்க மறந்தால் திருத்தாதீர்கள், பிள்ளையே கண்டுபிடிக்கும்.

2. நெய்யையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை 5 நிமிடம் குழைக்க வேண்டும். வேலூர் கத்திரி வெயிலில் நெய் எண்ணெயாக நிற்கும். அப்படியே கலந்தால் பிஸ்கட் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைத்து, வெண்ணெய் பதம் வந்ததும் எடுங்கள். உருகிய நெய், உறைந்த நெய் இரண்டையும் பிள்ளை விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

3. மற்றதைச் சலித்துச் சேர்த்துத் திரட்டினால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் பிஸ்கட் கெட்டிப்படும். உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் பால். மொத்தம் சுமார் 315 கிராம். 15 கிராம் உருண்டை எத்தனை வரும் என்று தாளில் போட்டுப் பார்த்துவிட்டு உருட்டட்டும். கணக்குப்படி 21. கையில் 20தான் வரும், மீதி கிண்ணத்திலும் விரலிலும் (வாயிலும்) இருக்கும்.

4. குக்கர் மூடியின் கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றுங்கள். அடியில் ஒரு விரல் உயரம் கல் உப்பு, அதன்மேல் பிரிமனை (பாத்திரம் வைக்கும் வளையம்). தண்ணீர் கூடவே கூடாது. மூடி, நடுத்தரத் தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். நெய் தடவிய தட்டில் ஈட்டுக்கு ஆறேழு உருண்டை, லேசாக அழுத்தி, இடைவெளி விட்டு வைத்து, சிறுதீயில் 18 முதல் 20 நிமிடம். அடி கருகினால் உப்பு போதவில்லை, இல்லையென்றால் தீ அதிகம்.

5. பிள்ளைகளுக்குக் கஷ்டமே இனிமேல்தான். கேவுரு நிறத்தில் பொன்னிறம் தெரியாது. நெய் மணமும் மேலே விடும் வெடிப்பும்தான் அடையாளம். சூட்டில் தொட்டால் அமுங்கும். வேகவில்லை என்று மேலும் வைத்தால் ஆறியதும் கல்லாகிவிடும். தட்டிலேயே 15 நிமிடம் ஆறட்டும். முதல் ஈட்டில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே 5 நிமிடம் கூடுதலாக விட்டு, ஆறியபின் இரண்டையும் காதருகே உடைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஈட்டுக்கு எத்தனை நிமிடம் என்பதைப் பிள்ளையே சொல்லும்.